விண்கலத்தின் மேல் நிற்பவர் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் கடிதத்தின் கீழே முதலெழுத்துகள் மட்டுமே இருந்ததால் ஐயா என்பதா அம்மா என்பதா என்று தெரியவில்லை. எது எழுதினாலும் பாதிக்குப் பாதி தப்பாகிவிடும் என்பதால் ஆசிரியர் என்றே எழுதுகிறேன். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். அழைத்தேன். யாரோ "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். நேற்று மாலை முழுக்கத் தங்கள் அலுவலகத்துக்கு வந்த அப்படிப்பட்ட அழைப்புகள் என்னுடையவைதான். மன்னிக்கவும்.

நான் அனுப்பிய விண்கலப் படத்தை அடுத்த இதழின் அட்டைக்கு எடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். என் பெயர் அச்சில் வருவது இதுவே முதல் தடவை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். "படிச்சு முடிச்சு உன் பொண்ணு என்னதான் பண்றா?" என்று கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்ல ஏதோ வரையுறா" என்று சொல்லிவிட்டு அம்மா பேச்சை மாற்றிவிடுவார். கையில் எடுத்துக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. இனி ஒரு புத்தகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தங்கள் கடிதத்தைப் படித்தேன், இந்த வரிகள் வரும்வரை: "கலத்தின் முதுகில் தனியாக நின்று, அத்தனை பெரிய கோளைப் பார்க்காமல் படத்துக்கு வெளியே எதையோ பார்க்கும் அந்தப் பெண்தான் இந்தப் படத்தின் உயிர். அவள் எதைப் பார்க்கிறாள் என்று இங்கே இன்னும் வாதம் ஓயவில்லை."

நான் என் படத்தில் பெண் யாரையும் வைக்கவில்லை.

படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். மேல்தட்டில், கதவுக்குப் பக்கத்தில், பூப்போட்ட நைட்டியும் தோளில் துண்டுமாக, இடுப்பில் துணிக்கூடையை இடுக்கிக்கொண்டு என் அம்மா நின்றுகொண்டிருந்தார். மூச்சுவிடக் காற்றே இல்லாத இடத்தில்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். பகலில் எனக்கு ஒரு மரச்சாமான் கடையில் வேலை. வாடிக்கையாளர்களின் சமையலறை அலமாரிகளைக் கணினியில் வரைந்து, கதவு திறந்தால் எப்படி, மூடினால் எப்படி என்று காட்ட வேண்டும். அலமாரிக்குள் ஒரு நாளைக் கழித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அகலமான எதையாவது பார்க்க வேண்டும்போல் இருக்கும். அப்படித்தான் போன மழைக்காலத்தில் இந்தக் கலத்தைத் தொடங்கினேன். முதலில் ஒரு உருளை, அதற்கு ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டுமே என்று ஒரு நடைவழி, நடைவழி என்றால் அது எங்காவது போக வேண்டுமே என்று அறைகள், அறைக்கு விளக்கு, விளக்குக்குக் கம்பி, கம்பியைச் சுவரில் பிடித்து வைக்கத் திருகாணி என்று அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனது. அந்தத் திருகாணிகளை யாரும் பார்க்கப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மழை பெய்யும் மாலைகளில் திரையில் அந்த நடைவழிகளுக்குள் சும்மா போய்வந்துகொண்டிருப்பேன். அம்மா கூப்பிட்டால் காதில் விழாது. திரும்பி வர நேரமாகும். கலத்தின் கதவுப்பிடிகள் எங்கள் கடை அலமாரிப் பிடிகளைப் போலவே இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். பழக்கதோஷம். இயந்திரங்களுக்கு மேலே பளபளவென்று தெரிபவை சூரியத் தகடுகளும் அல்ல. அப்பா பேருந்து ஓட்டுநர். ஒருநாள் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, பின்னாடி பாக்கக் கண்ணாடி இல்லாம ரிவர்ஸ் எப்படி எடுப்பான்?" என்றார். வைத்துவிட்டேன்.

கலம் எவ்வளவு பெரியது என்பது எனக்கே குழம்பக்கூடாது என்பதற்காக, இந்த வேலை செய்பவர்கள் அளவுக்கு ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்வோம். நான் அம்மாவை நிறுத்தினேன். கூச்சப்படாமல் நான் ஒருவரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்க முடியும் என்றால் அது அவரைத்தான். துணி காயப்போடக் கிளம்பியவரை நிறுத்தி, அசையாதே என்று சொல்லி, போனோடு சுற்றி வந்தேன். "சீக்கிரம் எடுடி, அடுப்புல பால் இருக்கு" என்று சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் படங்களை வைத்துத்தான் கணினிக்குள் அவர் பொம்மையைச் செய்தேன். வேலை முடிந்ததும் அதை மறைத்தும் விட்டேன். ஆனால் இந்த மென்பொருளில் மறைக்க இரண்டு பொத்தான்கள் உண்டு. கண் போன்றதை அழுத்தினால் நம் பார்வையிலிருந்து மட்டும் மறையும். கேமரா போன்றதையும் அழுத்தினால்தான் முடிந்த படத்திலிருந்து மறையும். நான் கண்ணோடு நின்றுவிட்டேன். அன்றிலிருந்து என் கண்ணுக்குத் தெரியாமல் அம்மா அங்கேயேதான் நின்றிருக்கிறார். படம் முடிந்த காலை வேலைக்கு நேரமாகிவிட்டதால், இயந்திரங்களை மட்டும் சரிபார்த்துவிட்டுத் தங்களுக்கு அனுப்பினேன்.

ஆக, அவர் எதைப் பார்க்கிறார் என்ற வாதத்தைத் தாங்கள் நிறுத்திக்கொள்ளலாம். பாலைத்தான் பார்க்கிறார்.

உண்மையைச் சொன்னால் அட்டையே போய்விடுமோ என்று பயந்து, அம்மா இல்லாத படத்தைச் செய்து சத்தமில்லாமல் மாற்றித் தரலாம் என்று பார்த்தேன். ஒரு படத்துக்கு ஒளியையும் நிழலையும் கணினி கணக்குப் போட்டு முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதற்கு ரெண்டர் என்று பெயர். முதல் ரெண்டர் பாதியில் இருக்கும்போது அம்மா இஸ்திரிப் பெட்டியைப் போட, வீடு மொத்தமும் கரண்ட் போய்விட்டது. இரண்டாவது முறை, கணினியின் விசிறி மூச்சிரைக்கிற சத்தம் கேட்டு, வண்டி சூடேறினால் ஓரங்கட்டுகிற பழக்கத்தில் அப்பாவே அதை அணைத்துவிட்டார். ஆற வைத்தாராம். நல்லதுதான் செய்தோம் என்று முகமெல்லாம் சிரிப்பு, எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை. மூணாவது தடவை ஒருவழியாக முடிந்தது. பார்த்தால், பக்கத்தில் ஆள் இல்லாததால் அவ்வளவு பெரிய கலம் ஏதோ தண்ணீர்க் குடுவை மாதிரி இருக்கிறது. விண்வெளி உடை போட்ட ஒருவரை இணையத்திலிருந்து இறக்கி நிறுத்திப் பார்த்தேன். பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிறவர் மாதிரி விறைப்பாக நின்றார். அவரை நீக்கிவிட்டேன்.

ஆகவே யாரும் இல்லாத அந்தப் படத்தையே இத்துடன் இணைத்திருக்கிறேன். குடுவை போல இருந்தாலும் பிழையற்றது. நைட்டியோடு கடைகடையாகத் தொங்குவதை என் அம்மா விரும்ப மாட்டார். நானும் முதல் படத்திலேயே சிரிப்புக்கு ஆளாக விரும்பவில்லை. பழைய படத்தைத் தயவுசெய்து அழித்துவிடவும். அட்டை வேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்தாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம்தான்.

தங்கள் இதழும் அதைச் செய்பவர்களும் குறைவின்றி இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு,

அலமாரிக் கடைப் பெண்

பி.கு.: மேலே எழுதியதை அனுப்பும் முன் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடித்த துணிகளோடு அம்மா உள்ளே வந்ததைக் கவனிக்கவில்லை.

"யாருடி அது?"

"நீதாம்மா."

திட்டப்போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். பின்னால் அவ்வளவு பெரிதாக, வளையங்களோடு தெரிவது என்ன என்று கேட்டார். அது ஒரு கோள், நானே கற்பனை செய்தது என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் பாக்காம நான் எங்கடி பாத்துக்கிட்டு நிக்கிறேன்?"

"அடுப்பை."

"அவ்வளவு தூரம் போயுமா?" என்று சிரித்தார். பிறகு, "என்னைத் திருப்பி விடு. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பாக்குறேன்" என்றார். கூடையையும் கீழே வைத்துவிடவா என்று கேட்டேன். "வேணாம். அங்க எதை வச்சாலும் மிதந்து போயிடும்னு நீதானே ஒருநாள் சொன்ன."

ஆகவே மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். யாரும் இல்லாத படத்தைத்தான் அழிக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று நாளை வரும், அதில் அவருடைய முதுகுதான் தெரியும். இன்று இஸ்திரிப் பெட்டியை யாரும் தொடவில்லை. அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் அந்த வளையங்கள் கட்டம் கட்டமாகத் தெளிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது. நான் போய்ப் பார்க்க வேண்டும், அதனால் இத்துடன் முடிக்கிறேன்.