மனங்கவர்ந்தார் வதிவிடப் படம்

மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா நடந்த வருஷம், டிக்கோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காதல் ஒழுங்குக்குக் கொண்டுவரப்பட்டது.

லீவில் சீமைக்குப் போய்வந்த துரை, அங்கே இப்போது எதையும் படமாகச் சுவரில் மாட்டி ஊசி குத்தித்தான் நிர்வாகம் செய்கிறார்கள் என்று கண்டு வந்திருந்தார். திங்கட்கிழமை காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது தலை குறைவது அவருடைய நெடுநாள் மனக்குறை. வாலிபர்கள் ஞாயிறன்று பெண்ணைப் பார்க்க வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டு, மறுநாள் வேலைக்கு நேரத்தோடு வருவதில்லை. ஆகவே ஆபீஸ் சுவரில் இலங்கைப் படம் ஏறியது; எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் துரையே ஒரு சின்னக் கொடியைக் குத்தினார். பெரிய கிளாக்கர் மயில்வாகனம் அதற்கு ‘மனங்கவர்ந்தார் வதிவிடப் படம்’ என்று பெயர் சூட்டினார். அவரவர் மனங்கவர்ந்தவள் வதியும் ஊரில் ஒரு சிவப்பு ஊசி. தூரத்துக்குத் தக்கபடி லீவு. ஊசி உள்ளவனுக்கே கல்யாண அனுமதியும், வரிசை வீடுகளான லயத்தில் தனிக் காம்பராவும்.

காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். தூரத்துக்கு லீவு உண்டென்றால் அதற்குக் கால் முளைத்துவிடும். பக்கத்துப் பொகவந்தலாவையில் பெண் வைத்திருந்தவன் ஒரே வாரத்தில் மன்னாருக்கு மாறினான். யாத்திரைக்காரர்கள் மலை ஏறும் காலம் தொடங்கியதும் அடிவாரத்து நல்லதண்ணியில் ஊசி குத்த இடமில்லாமல் போயிற்று. பேரன் எடுத்த செல்லசாமிகூடக் கூச்சத்தோடு தென்கோடி மாத்தறையைக் காட்டினார். பக்கத்தில் பெண் பார்ப்பது பட்டிக்காட்டுத்தனம் என்றாகிவிட்டது.

மாட்டிக்கொண்டவன் அழகுமுத்து. அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். அவனுடைய பூரணி அதே லயத்தில், மூன்று காம்பரா தள்ளி, அம்மா பேச்சியம்மாவோடு இருந்தாள்.

கிளாக்கர் படத்தைப் பார்த்தார்.

“அதில துரையின்ர கொடியெல்லோ நிக்குது. அதைப் புடுங்கேலாது,” என்றார். “வேற ஊர் இல்லையோ?”

“பொண்ணு இங்கதானேங்க இருக்கு.”

“படத்தில இல்லையே.”

தோட்டத்தில் ஒரே ஒரு காம்பராதான் காலியாக இருந்தது. அதை விட்டால் கல்யாணம் எந்தக் காலத்துக்கோ தள்ளிப்போகும். பூரணியே யோசனை சொன்னாள். திருகோணமலையில் ஊசி குத்தப்பட்டது, அனுமதியும் வந்தது. கல்யாணத்தன்று அவள் துணி மூட்டையோடு மூன்று காம்பரா நடந்து, திருகோணமலையிலிருந்து வந்து சேர்ந்தாள். துரைக்குக் கொழுந்தின் எடை தெரியுமே தவிர, பறிக்கிறவளின் முகம் தெரியாது. பயணம் சௌகரியமா என்று விசாரித்தார். கடல் காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி என்றாள் பூரணி. லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் வழக்கம் என்று துரை ஏதோ புத்தகத்தில் படித்திருந்தார். சுதேச வழக்கங்களை மதிப்பவராகையால், பூரணியை உடனே தாய்வீடாகிய திருகோணமலைக்கு ரயிலேற்றும்படி உத்தரவிட்டார். அப்போது தாய்வீட்டில் பேச்சியம்மா மருந்துக்கு மிளகும் ஓமமும் வறுத்துக்கொண்டிருந்தாள். வாசனை மூன்று காம்பரா தாண்டி வந்தது.

அழகுமுத்து எங்களிடம் கெஞ்சினான். எல்லாருமாகப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றான். சொன்னால் மன்னார் போகும், மாத்தறை போகும், நல்லதண்ணி போகும். நாங்கள் தலையைச் சொறிந்தோம். பிள்ளைத்தாச்சிக்குக் கடல் காற்று நல்லது என்று செல்லசாமி ஆறுதல் சொன்னார். சரி, நானாவது துணைக்குப் போகிறேன் என்று அவன் லீவு கேட்டான். பெண்டாட்டி தோட்டத்துக்கு வந்துவிட்டபடியால் அவன் ஊசி பிடுங்கப்பட்டிருந்தது. ஊசி இல்லாதவனுக்கு ஏது லீவு?

கடைசியில் பேச்சியம்மா ஆபீஸ் படியேறி, மகளோடு போக வேண்டும் என்றாள். படத்தின்படி அந்தப் பெண் திருகோணமலைக்காரி, உனக்கு மகளல்ல. தவிரவும் லீவுக்கு ஒரே காரணம்தான் உண்டு என்று கிளாக்கர் பொறுமையாக விளக்கினார். தாலியறுத்து எத்தனையோ வருஷமான அந்த மனுஷி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“குத்துங்க சாமி ஊசிய,” என்றாள். “அங்கன எனக்கும் ஒருத்தன் இருக்கான்.”

ஹட்டன் ஸ்டேஷனில் தாயும் மகளும் ரயிலேறினார்கள். அழகுமுத்து பெரட்டில் நின்றான். நாங்கள்தான், மன்னாருக்கும் மாத்தறைக்கும் வாங்கிய லீவில் வந்து, கை காட்டி வழியனுப்பினோம்.

ரயில் மறைந்ததும் செல்லசாமி பெருமூச்சு விட்டார்.

“இந்த வயசுல இவளுக்குப் புத்தி போறதப் பாருங்கப்பா,” என்றார்.

லயம் போய்ச் சேரும்வரை நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டு போனோம்.