செல்லாத பென்னியும் திறக்காத கதவும்

1971 செப்டம்பர் பிறந்ததும், பழைய பெரிய செப்புப் பென்னிக் காசு இனி இங்கிலாந்தில் செல்லாது என்று ஆகிவிட்டது. ஸ்கார்வித் நகராட்சியும் உத்தரவைச் சிரமேற்கொண்டது. பேருந்து நிலையத்துப் பெண்கள் கழிப்பறையில், காசு போட்டால் திறக்கும் பூட்டுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அது பழைய பென்னிக்குத்தான் திறந்தது. குட்டியான புதுப் பென்னியைப் போட்டால் விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது.

சந்தைக்கு வந்த மூரியல் கிராப்ட்ரீ அம்மாள், மூன்று கோப்பைத் தேநீர் குடித்த கையோடு அங்கே வந்தாள். நல்லவேளை, பையில் ஒரு பழைய பென்னி கிடந்தது.

"போடாதீங்க!" காவலுக்கிருந்த டோரிஸ் குறுக்கே கையை நீட்டினாள். "செல்லாத காசு."

"பூட்டு ஏத்துக்குதேடி!"

"பூட்டு சட்டம் படிச்சிருக்கா? ஆபீஸ்ல போய்க் கேளுங்க."

மூரியல் அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். சுகாதாரக் கண்காணிப்பாளர் பிளெங்கின்சாப் கனிவாகக் கேட்டுக்கொண்டார்.

"செல்லாத காசை வாங்கினா குத்தம். செல்லுற காசுக்குக் கதவு திறக்காது. உங்க கோரிக்கையில நியாயம் இருக்கும்மா; வழிதான் இல்ல."

"அப்போ சும்மா திறந்து விடுங்க சார்."

அவர் முகம் வெளுத்தது. "இலவசமாவா? ஜனங்க பழகிடுவாங்களே! வசந்த காலத்துல புதுப் பூட்டு வந்துடும். அதுவரைக்கும் ஒத்திவைங்க."

"எதை சார் ஒத்திவைக்கிறது?"

"தேவையை."

அவள் திரும்பி வந்தபோது மூடிய கதவுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பெண்கள், ஆளுக்கொரு பழைய பென்னியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். மூரியல் அம்மாளால் அதற்குமேல் முடியவில்லை. நேரே போய்க் காசைப் போட்டாள். கதவு திறந்தது.

"ஏம்மா, வரிசையில வாங்க!" என்று நின்றிருந்த பெண்கள் கத்தினார்கள்.

"உள்ளேதான் யாருமே இல்லையே!"

"இல்லாட்டி என்ன? வரிசைன்னா வரிசைதான்!"

அவள் நிம்மதியாக வெளியே வந்தபோது போலீஸ்காரர் காத்திருந்தார். செல்லாத காசைப் புழக்கத்தில் விட்டதற்கு அபராதம் எழுதினார். வரிசை முழுவதும் ஆமோதித்துத் தலையாட்டியது.

வசந்தம் வந்தது, புதுப் பூட்டும் வந்தது. பாண்டு வாத்தியம் முழங்க மேயர் ரிப்பன் வெட்டினார். பிளெங்கின்சாப்புக்குப் பதவி உயர்வு. இனிமேல் ஒரு புதுப் பென்னி போட்டால் போதும். அதன் மதிப்பு பழையதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்பதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கைதட்டி முடித்து, எல்லோரும் காசோடு வரிசையில் நின்றார்கள்.

"நம்ம காலத்திலேயே விடிவு வந்துட்டுதே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வரிசையின் முதல் ஆளாக நின்ற மூரியல் அம்மாள்.