நாற்பத்தைந்து நாள் பட்டாளம்

வருஷத்தில் பதினோரு மாசம் மனைவி இளமதிக்கு, ஒரு மாசம் இந்தியாவுக்கு. இப்படி ஒரு வீரத் தீர்மானம் எடுத்துத்தான் சடையப்பன் பிரதேச ராணுவத்தில் சேர்ந்தான். மற்ற நாளெல்லாம் சிதம்பரத்தில் பம்புசெட் கடையில் விற்பனை, கூப்பிடும்போது பட்டாளம்.

2007 மே மாசம் முதல் அழைப்பு வந்தது. கடிதத்தில் முப்பது நாள் என்றுதான் இருந்தது. மனைவியிடம் சொல்லும்போது அது நாற்பத்தைந்தாக வளர்ந்திருந்தது. மிச்சம் பதினைந்து நாளைக் கடலூரில், தேவனாம்பட்டினத்தில் தனிக்கட்டையாக இருக்கும் சிநேகிதன் அந்தோணிசாமி வீட்டில் கழிப்பதாகத் திட்டம். கடல் காற்று, மீன் குழம்பு, தூக்கம். வேலை ஏவ ஆளில்லை.

இளமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும்னு சொன்னனே மாமா?"

"தேசம் கூப்புடுது இளமதி!"

"தேசம் இப்பத்தான் கூப்புடுது. நான் பொங்கல்லேர்ந்து கூப்புட்டுகிட்டு இருக்கேன்."

சடையப்பன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். எதிரியை நோக்கிக்கூட எந்த வீரனும் அவ்வளவு வேகமாக ஓடியிருக்க மாட்டான்.

முகாமில் முதல் காலை. மீசைக்கார ஹவில்தார் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார். "சாவ்தான்!"

சடையப்பன் காதில் அது 'சாவுதான்' என்று விழுந்தது. வந்த முதல் நாளே சாவுதானா? தலையில் கை வைத்துக் குந்திவிட்டான். மற்ற எல்லோரும் விறைப்பாக நின்றபிறகுதான், அது இந்தியில் 'நேரா நில்லு' என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான். குந்தினதற்குத் தண்டனையாக மைதானத்தை எட்டுச் சுற்று. எட்டாவது சுற்றில், தான் முதலில் புரிந்துகொண்ட அர்த்தம்தான் சரி என்று அவனுக்குப் பட்டது.

மூன்றாம் நாள் ஹவில்தார் கேட்டார். "மோட்டார் வேலை தெரிஞ்சவன் யாரு?"

பம்புசெட் கடைக்காரன் விடுவானா? கையைத் தூக்கினான். சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். சாக்கடை முழங்கால் அளவு நின்றது.

"மோட்டார் ரிப்பேர். இன்னிக்கு நீதான் மோட்டார்" என்று ஒரு வாளியைக் கையில் கொடுத்தார் ஹவில்தார்.

பட்டாளத்தில் கையைத் தூக்கக் கூடாது என்பது அன்று அவன் கற்ற பாடம். அதற்கப்புறம் நாலரை மணிக்கு எழுந்தான், கம்பளியைச் செங்கல் மாதிரி மடித்தான், கழிப்பறை கழுவினான், முகாம் சுவர் முழுக்க வெள்ளை அடித்தான். துப்பாக்கியைத் தொட்டதைவிட வெங்காயத்தைத் தொட்டதுதான் ஜாஸ்தி.

முப்பது நாள் ஒருவழியாக முடிந்தது. மறுநாள் அந்தோணிசாமி வீட்டுக் கட்டிலில் போய் விழுந்தான். விழுந்தானே தவிர, விடிகாலை நாலரைக்குக் கண் தானாகத் திறந்துகொண்டது. கை தானாகப் போர்வையை மடித்தது. அந்தோணிசாமி எழுந்து வந்தபோது வாசல் கூட்டியாகி, பாத்திரம் கழுவியாகி, டீயும் போட்டாகிவிட்டது.

"மச்சான், நீ என் பொண்டாட்டியா பொறந்திருக்கணும்டா" என்று உருகினான் அவன்.

பத்து மணிக்குச் சடையப்பன் வீட்டுக்குப் போன் போட்டான். அந்த நேரம் பார்த்தா மீன்காரர் சைக்கிளில் வரவேண்டும்?

"சங்கரா! வஞ்சிரம்! நெத்திலீ!"

"என்னா மாமா சத்தம் அது?"

"அதுவா? ஹவில்தார் ஆஜர் எடுக்குறாரு. எல்லாம் ஆளுங்க பேரு."

"வஞ்சிரம்னு ஒரு ஆளா?"

"வடநாட்டுக்காரன்."

"நெத்திலி?"

"அவன் கொஞ்சம் ஒல்லி."

"நாட்டுக்காக எப்படியெல்லாம் கஷ்டப்படுறாங்க! பாத்து இருங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டாள். சடையப்பன் தன் மூளையை நினைத்துத் தானே வியந்தான்.

அன்று மத்தியானம் அந்தோணிசாமி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"மச்சான், மாடி வீட்டுக்குப் புதுசா ஆள் வருது. யாரோ டீச்சராம். ரொம்பக் கறாரு. வெள்ளையடிச்சி வக்கிறேன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன். எனக்கோ முதுகு புடிச்சிகிச்சி."

"போடா! நான் ரெஸ்ட் எடுக்க வந்தவன்."

அந்தோணிசாமிக்குச் சடையப்பன் சொல்லியிருந்த முகாம் கதை ஞாபகம் வந்தது. மூச்சை இழுத்துக் கத்தினான். "சாவ்தான்!"

சடையப்பன் கட்டிலிலிருந்து எகிறி விறைப்பாக நின்றான். கையில் பிரஷ் வந்து உட்கார்ந்தது. மாடிப்படியில் ஏறும்போதுதான் என்ன நடக்கிறது என்றே அவனுக்குப் புரிந்தது.

பன்னிரண்டு நாள். மூன்று அறை, சமையல்கட்டு, மொட்டைமாடிச் சுவர். சளைக்கும்போதெல்லாம் ஒரு சாவ்தான். குழாய் மாற்றினான், கதவுக்குப் பெயிண்ட் அடித்தான், பரணில் ஒட்டடை அடித்தான். அந்தக் கறார் டீச்சரின் குடும்பத்தை ஏழு தலைமுறைக்குத் திட்டினான்.

பதிமூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. மேலே பீரோ, கட்டில், கிரைண்டர். சடையப்பன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். பீரோவை எங்கேயோ பார்த்தமாதிரி இருந்தது. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது.

இளமதி படியேறி வந்து ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு மாமா. எனக்கு கவர்மெண்டு ஸ்கூல்ல டீச்சர் வேல கெடச்சிருக்கு, கடலூர்ல. நீங்க கடைக்கு இங்கேர்ந்தே பஸ்ல போய் வரலாம்."

"இ... இளமதி, நான் இங்க..."

"கடலூர்ல எனக்குத் தெரிஞ்சவரு அந்தோணி அண்ணன் ஒருத்தர்தான். போன மாசம் வீடு பாக்கச் சொல்லிப் போன் பண்ணேன். 'பதினஞ்சு நாளு இங்க தங்கத்தான் போறானே, அவனே வந்து பாக்கட்டுமே'ன்னாரு. வெள்ளையும் அவரே அடிக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

சடையப்பன் கீழே எட்டிப் பார்த்தான்; அந்தோணிசாமி டெம்போவுக்குப் பின்னால் பதுங்கினான். தப்பு செய்து மாட்டிய சிப்பாய் செய்யக் கூடியது ஒன்றுதான். சடையப்பன் குதிகாலைச் சேர்த்து மனைவிக்கு ஒரு சல்யூட் வைத்தான். கையில் பிரஷ் இருந்தது ஞாபகமில்லை. நெற்றியில் குறுக்கே பளீரென்று ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது.

இளமதி அதை நிதானமாகப் பார்த்தாள்.

"ஒரு பட்டை ஏறிடுச்சே மாமா, புரொமோஷன்! கீழ போயி பீரோவத் தூக்கிட்டு வாங்க."