முப்பத்தாறு பல்லின் பணிமூப்பு

அலுவலகம் மேட்டின் மேல் இருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் மேட்டின் கீழ் குடியிருந்தார்கள். இந்த ஒன்றைத் தவிர, சரிவுகள் ஒழுங்காற்று அலுவலகத்தின் நிர்வாகத்தில் சொல்லும்படியான குறை எதுவும் இல்லை. ஊரில் உள்ள சரிவுகளெல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவில்தான் சரிகின்றனவா என்று கண்காணிப்பது அதன் பணி. தன் வாசலில் இருந்த சரிவை மட்டும் அது கண்காணித்ததில்லை. யாரும் முறைப்படி புகார் தரவில்லை.

பத்து மணிக்கு வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். பஸ் மேட்டடியோடு நின்றுவிடும். டிரைவரைக் கேட்டால், "ஏத்தலாம்மா, யாரு இறக்குறது?" என்பார். ஆகவே தபால் பிரிவில் இருந்த அம்மாள், அலுவலகம் முழுக்கத் தபாலக்கா என்று கூப்பிட்டவர், தேய்ந்துபோன இரண்டு முழங்கால்களோடு தினமும் அந்த மேட்டை ஏறினார். இரண்டு முறை கதவு சாத்திய பிறகு போய்ச் சேர்ந்தார். "மூன்றாம் முறை தாமதிப்பின் தங்கள் சேவை நன்றியுடன் முடித்துக்கொள்ளப்படும்" என்று கடிதம் வந்தது. தனக்கு வந்த கடிதத்தைத் தானே உறையிலிட்டு, தானே முத்திரை குத்தி, தானே பெற்றுக்கொண்டு கையெழுத்தும் போட்டார். தபால் பிரிவில் வேறு ஆள் கிடையாது.

வீட்டுக்காரர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். அன்று மாலை தபாலக்கா அவருடைய தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மிஷினையே முறைக்கிற? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"இருங்க. கீழ பெரிய சக்கரம். மேல சின்னச் சக்கரம். நடுவுல பெல்ட்டு. பெருசு ஒரு சுத்து சுத்தினா சின்னது பறக்குது."

"பறக்கும். ஆனா கனத்த துணி வெச்சா மூச்சு திணறும்."

"அப்ப இதைத் தலைகீழாப் போட்டா? சின்னது பெருச இழுத்தா?"

"மெதுவாத்தான் சுத்தும்." வீட்டுக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "ஆனா மூட்டையே வெச்சாலும் இழுத்துட்டுப் போயிடும்."

"நான் மூட்டைதானே?" என்றார் தபாலக்கா. வீட்டுக்காரர் அனுபவசாலி. கத்தரியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பழைய அலமாரிக் கதவு ஒன்று சறுக்குப்பலகையானது. அடியில் நாலு சக்கரம் வந்தது. கடையில் இரண்டு மோட்டார் வாங்கி வந்து, பிடிக்காததைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. முதல் மோட்டார் வீல் என்று கத்திக்கொண்டு கண்மண் தெரியாமல் சுற்றியது. துணியால் இலேசாகப் பிடித்தால் நின்றுவிட்டது. இரண்டாவது முனகிக்கொண்டு நிதானமாகச் சுற்றியது. பிடித்தால் கையையும் சேர்த்து முறுக்கியது.

"முதல்ல பார்த்தது உங்க தம்பி மாதிரி. ஊரெல்லாம் சுத்தும், ஒரு வேலை நடக்காது."

"ரெண்டாவது?"

"உங்க அக்கா மாதிரி. மெதுவாத்தான் வருவாங்க. பிடிச்சா விடமாட்டாங்க."

அக்காவே தேர்வானார். மோட்டாரின் தலையில் பன்னிரண்டு பல் சக்கரம், கீழே உருளும் சக்கரத்தில் முப்பத்தாறு பல் சக்கரம், இடையில் பெல்ட். மோட்டாருக்கு ஒரு பேட்டரி, கையில் பிடிக்க ஒரு விசை. அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடத்துச் சாய்தளத்தில், வீட்டுக்காரரைப் பலகையில் உட்காரவைத்துச் சோதனை நடந்தது. பலகை அவரை அலுங்காமல் மேலே கொண்டுபோய் விட்டது. அவர் கண்ணைத் திறந்து, "இன்னொரு தடவை," என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் தபாலக்கா மறுநாளே மேடேறியிருப்பார். ஆனால் இருபது வருஷம் அலுவலகத்தில் ஊறிய உடம்பு அது. மூக்கு அரித்தால்கூட உரிய வழியில் விண்ணப்பித்துவிட்டுத்தான் சொறியும். பலகையை அலுவலக மாடிப்படிக்கு அடியில் நிறுத்திக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் வைத்தார்.

மின்விசைச் சறுக்குப்பலகையின் இயக்கி மற்றும் பற்சக்கர ஏற்பாட்டுத் தேர்வுக் குழு உடனே அமைக்கப்பட்டது.

தலைமை, இயக்குநர். உறுப்பினர், விதிகளை மனப்பாடமாக வைத்திருந்த கண்காணிப்பாளர். சிறப்பு அழைப்பாளர், நவீனமயமாக்க ஆலோசகர். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு உட்காராமல் நடந்துகொண்டே பேசுகிற இளைஞர். உட்கார்ந்து பேசுவது அந்த வருஷம் ஃபேஷன் இல்லை.

இரண்டு மோட்டார்களும் மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டப்பட்டன.

"இழுவையெல்லாம் பழைய ஃபேஷன் சார்," என்றார் ஆலோசகர். "இப்ப ஸ்பீடுதான் டிரெண்டு."

"மேடு ஏறணுமே சார்," என்றார் தபாலக்கா.

"மேடுங்கறது ஒரு மைண்ட்செட் மேடம்."

கண்காணிப்பாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடு மைண்ட்செட்டுன்னா இந்த ஆபீஸ் எதுக்கு? நான் எதுக்கு?"

கேள்வி ஆபத்தான திசையில் போவதைக் கண்ட இயக்குநர் குறுக்கிட்டார். "எந்த மோட்டார் சத்தம் ஜாஸ்தி?"

"முதலாவது சார்."

"அதையே போடுங்க. ஆபீஸ் வேலை செய்யுதுன்னு பொதுமக்களுக்குக் கேக்கணும்."

தம்பி தேர்வானார். அடுத்து பற்சக்கரம். கண்காணிப்பாளர் பலகையைக் கவிழ்த்துப் போட்டுக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"இது எத்தனை பல்லு?"

"பன்னிரண்டு சார்."

"அது?"

"முப்பத்தாறு."

"பன்னிரண்டு எங்க இருக்கு?"

"மோட்டார் தலையில."

"முப்பத்தாறு?"

"கீழ, ரோட்டுச் சக்கரத்துல."

ஆலோசகர்கூட நடப்பதை நிறுத்தினார்.

"அதாவது," என்றார் கண்காணிப்பாளர், "பன்னிரண்டு பல்லு மேல உக்காந்துக்கிட்டு முப்பத்தாறு பல்லை வேலை வாங்குது."

"சார், சின்னது மூணு சுத்து சுத்தினாத்தான் பெருசு ஒரு சுத்து சுத்தும். அப்பதான் பலம் வரும்."

"சின்னவன் மூணு மடங்கு வேலை செய்யட்டும்மா. அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. எல்லா இடத்துலயும் அப்படித்தான் நடக்குது. ஆனா அதைக் கீழ உக்காந்து செய்யட்டும். பெரியவர் மேல, மோட்டார் பக்கத்துல நிதானமா ஒரு சுத்து சுத்தட்டும். கீழ சின்னவன் மூணு சுத்து சுத்திட்டுப் போறான்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் தபாலக்காவைக் கலங்கடித்தது.

"அப்படி மாத்தினா மேடு ஏறாது சார்."

"ஏறலைன்னா அது மேட்டோட தப்பு," என்றார் இயக்குநர். "விதியோட தப்பு இல்ல." குழு ஒருமனதாகக் கலைந்தது.

மாலை வீட்டுக்காரர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் மிஷின் மாதிரியே ஆக்கிட்டாங்களே! இதுல சட்டை தைக்கலாம். மேடு ஏற முடியாது. நீ ஏன் அவங்ககிட்ட போய்க் கேட்ட?"

"கேக்காம எப்படிங்க செய்யறது?"

"செய்யறதுக்கு முன்னாடி கேக்கணும், இல்ல கேக்காம செய்யணும். நீதான் செஞ்சு முடிச்சிட்டுப் போய்க் கேட்ட ஆளு."

மறுநாள் காலை மேட்டடியில் தொடக்க விழா. இயக்குநர் பேசினார். கண்காணிப்பாளர் இயக்குநர் பேசியதைப் பற்றிப் பேசினார். தபாலக்கா பலகையில் ஏறி விசையை அழுத்தினார். மோட்டார் ஊருக்கே கேட்கிற மாதிரி வீல் என்றது. சூடேறியது. பெல்ட் கருகும் வாசனை வந்தது. பலகை அசையவில்லை, கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் உருண்டது.

"அடடா!" என்றார் ஆலோசகர். "என்ன ஒரு எனர்ஜி!"

"சத்தம் இருக்கு. சூடு இருக்கு," என்றார் இயக்குநர் நெகிழ்ந்துபோய். "நம்ம ஆபீஸ்லயே நிக்கற மாதிரி இருக்கு."

தபாலக்காவுக்கு நெகிழ நேரமில்லை. மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்கால்களை வேண்டிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே, நேரம் உறைத்த இயக்குநரும் கண்காணிப்பாளரும் ஓடினார்கள். கதவு சாத்தியிருந்தது. காவலாளி உத்தரவை நன்றாகப் படித்தவர். "உத்தரவு சார்," என்று கம்பி வழியே சொல்லிவிட்டு, இயக்குநர் கொடுத்த உத்தரவை இயக்குநருக்கே வாசித்தும் காட்டினார்.

தபாலக்காவுக்கு இது மூன்றாம் முறை. ஆனால் அவரை அனுப்பினால் கூடவே இயக்குநருக்கும் முதல் முறை என்று எழுதவேண்டி வரும். குழு வெளியே, வெயிலிலேயே கூடியது. கால்மணியில் சுற்றறிக்கை பிறந்தது. சறுக்குப்பலகையைக் கைவசம் வைத்திருப்பவர் பயணத்தில் உள்ளவராகக் கருதப்படுவார். பயணத்தில் உள்ளவர் தாமதித்தவர் ஆகார். பலகை ஒன்றுதான் இருந்தது என்பதால் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கூடவே ஒரு பின்குறிப்பு: பற்சக்கரங்களின் பணிமூப்பைக் கலைப்பவர் பணிநீக்கம் செய்யப்படுவார்.

அடுத்த மாதமே அலுவலகத்தில் ஆளுக்கொரு பலகை. அதற்கடுத்து ஊருக்கே பலகை. தாமதமாக வந்தாலும் தப்பில்லை என்ற செய்தி இவ்வளவு வேகமாக எந்தத் துறையிலும் பரவியதில்லை. அதே மேட்டில் இருந்த வங்கியில் பலகை, பள்ளிக்கூடத்தில் பலகை, பல் வைத்தியரிடம் பலகை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தூக்கிக்கொண்டு நடக்கத் தோள்பட்டை வைத்த உறை ஒன்றை ஆலோசகர் வடிவமைத்தார். ஏறி ஓட்டுவது நாகரிகமில்லாத காரியமாகிவிட்டது. தபாலக்கா இப்போது முழங்காலோடு பலகையின் கனத்தையும் சேர்த்துச் சுமந்து ஏறினார்.

ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரர் எழுந்து, அலமாரியிலிருந்து அந்த அக்கா மோட்டாரை எடுத்து வந்தார். அது கடைக்குத் திரும்பியிருக்கவே இல்லை. "கேக்காம செய்யப்போறேன்," என்றார்.

மறுநாள் காலை தபாலக்கா மேடேறினார். பன்னிரண்டு முனகியது, முப்பத்தாறு இழுத்தது, காற்று முகத்தில் பட்டது. வாசலுக்குச் சற்று முன்னால், உயரமான சுவர் மறைக்கும் வளைவில் இறங்கி, பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கலாம் என்பது திட்டம்.

வளைவில் ஏற்கெனவே கண்காணிப்பாளர் பலகையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"நான்... ஒரு ஆய்வுக்காக," என்றார்.

ஆலோசகரின் வெள்ளை ஷூ சுவரோரம் தெரிந்தது. "மார்னிங் மேடம்." பின்னால் மெல்லிய முனகலோடு இயக்குநர் வந்து இறங்கினார். தபாலக்காவின் பார்வை தானாகவே பலகைக்கு அடியில் போயிற்று. சின்னவர் மேலே. பெரியவர் கீழே.

"என்ன பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

வரிசை அவர்களுக்குப் பின்னால் நீண்டுகொண்டே போயிற்று. வங்கிக்காரர், வாத்தியார், பல் வைத்தியர், பலகையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் பலர். வளைவில் நிற்க இடம் போதவில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் இங்கயே நிப்போம். சீக்கிரம் போனா சந்தேகம் வரும்."

எல்லோரும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். தலையைக் கலைத்துக்கொண்டார்கள். வாத்தியார் கைவசம் தண்ணீர் வைத்திருந்தார். நெற்றியில் தெளித்துக்கொள்ள எல்லோருக்கும் கொடுத்தார். தத்தம் வாசலை நோக்கி, இளைத்துக்கொண்டே, ஊர் புறப்பட்டது.

பாதி வழியில் இயக்குநர் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"தபாலக்கா, இன்னும் கொஞ்சம் நல்லா மூச்சு வாங்குங்க. நேத்து நீங்க வாங்கினது நம்பற மாதிரி இல்லைன்னு புகார் வந்திருக்கு."

நேற்று தபாலக்கா நிஜமாகவே தூக்கிக்கொண்டு ஏறியிருந்தார்.