ஈமு முத்திரை

மொத்தம் பதினொரு நாள். அதில் ஏர்மெயிலுக்கு ஏழு போனால் சத்தியபாமாவின் கையில் மிச்சம் நான்கு நாள்தான் இருந்தது.

நீலகிரியிலிருந்து வந்த கடிதம் சமையலறை மேசையில் கிடந்தது. ராணுவத்தார் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி அது. மேஜர் பழனிசாமியின் விண்ணப்பத்தை ஏற்று, மகள் சந்திரகலாவுக்கு ஆறாம் வகுப்பில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1974 நவம்பர் முப்பதுக்குள் டி.சி. வந்து சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்போது விண்ணப்பித்தார்? மெல்பர்னில் இன்னும் ஒரு வருஷப் பணி இருக்கிறது. பத்து வயதுப் பெண்ணைக் கடல் தாண்டித் தனியே அனுப்ப எப்படி மனம் வந்தது?

அவள் கேட்கவில்லை. ராணுவக் குடித்தனத்தில் உத்தரவு வந்தால் பெட்டி கட்டித்தான் பழக்கம்.

மாலையில் வந்த மேஜர் கடிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"சீட்டு கெடைச்சிருச்சாட்டம் இருக்குது."

"ஆமாங்க."

"நல்ல ஸ்கூல்தான்."

"ஆமாங்க."

அவ்வளவுதான் பேச்சு. அன்று இரண்டு பேருமே ரசத்துக்கு உப்பில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

சத்தியபாமாவுக்கு ஒரே நம்பிக்கை டி.சி.தான். மகளுக்காக ஐந்து ஊர்களில் ஐந்து டி.சி. வாங்கியவள் அவள். இந்த ஊரில் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று நன்றாகத் தெரியும். மறுநாள், அவர்கள் குடியிருந்த நோபல் பார்க்கில் மகள் படிக்கும் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டாள். அலுவலகத்தில் இருந்த திருமதி டாய்ல் தலைமையாசிரியரைக் கூப்பிட்டாள்.

"இங்கே போகிறவர்கள் போய்விடுவார்கள். காகிதம் எதற்கு?" என்றார் அவர்.

சத்தியபாமாவுக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்த கலா பையை வைக்கும் முன்பே கேட்டாள். "டி.சி. கெடைச்சுதாம்மா?"

"இல்ல சாமி. நீ அதையே நெனைக்காதே."

குழந்தை எவ்வளவு பயந்து கிடக்கிறது என்று மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கணவனிடம் சொன்னாள். "இந்த ஊர்ல டி.சி.யே கெடையாதாமுங்க. என்னங்க பண்றது?"

"கெடையாதா?" என்றார் மேஜர். "அப்ப நாமளே எழுதிக் குடுத்தா கையெழுத்துப் போடுவாரில்ல?"

சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, பதினான்கு கலம் உள்ள டி.சி. ஒன்றை மூன்று பிரதி எழுதி முடித்தார். ராணுவத்தில் எதுவும் மூன்று பிரதிதான்.

தலைமையாசிரியர் மறுப்பார் என்று நம்பித்தான் சத்தியபாமா அதை எடுத்துப் போனாள். அவரோ, தன் முப்பது வருஷ உத்தியோகத்தில் இத்தனை அழகான காகிதத்தைப் பார்த்ததில்லை என்று மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

"முத்திரை இல்லாமல் செல்லாது" என்றாள் அவள் அவசரமாக.

"நூலக முத்திரைதான் இருக்கிறது. 'பதினான்கு நாளில் திருப்பித் தரவும்' என்று போட்டிருக்கும்."

அதையே குத்தச் சொல்லலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அதற்குள் அவர் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் பிள்ளைகள் தரையில் ஒட்டும் லினோலியத் துண்டில் பள்ளிச் சின்னமான ஈமுவைச் செதுக்கி, மையில் தோய்த்து, மூன்று பிரதியிலும் பதித்துக் கொடுத்தார்கள். ஈமு திசை மாறி நின்றது. மற்றபடி குறையில்லை.

இனி ஒரே வழிதான். படிப்பு, நடத்தை என்ற கலம் இன்னும் காலியாக இருந்தது. அவள் மேசையருகே குனிந்து, மகளைப் பற்றி இதுவரை சொல்லாத பொய்யைச் சொன்னாள்.

"கணக்கில் கொஞ்சம் மந்தம் என்று போட்டுவிடுங்களேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்."

"இவ்வளவு அடக்கமான தாயை நான் பார்த்ததே இல்லை" என்ற தலைமையாசிரியர், தன்னிடம் படித்தவர்களிலேயே சிறந்த மாணவி என்று கலம் பிதுங்க எழுதினார்.

"இப்பக் கெடைச்சுதாம்மா?" என்றாள் கலா மாலையில். சத்தியபாமா ஆமென்று தலையசைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேஜர் சீருடையோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட வந்தார். பிரதிகளில் அவர் சான்றொப்பம் இட்டதும் திருமதி டாய்ல் உறையை ஒட்டினாள். அதைக் கையில் வாங்கிய மேஜர் நகரவில்லை.

"ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம், பாமா" என்றார் தணிந்த குரலில்.

"என்னன்னுங்க?"

"எம் பேர்ல எழுதிப் போடறதுக்கு முன்னாடி. புள்ளைய உட்டுட்டு நான் இருந்துக்குவேன்னு நெனைச்சயா?"

"நானா எழுதுனேன்? நீங்க எழுதுனதுன்னுதானே இந்த நாலு நாளா நான் சோறு எறங்காம கெடக்கறேன்?"

"உனக்குப் புடிச்சுருக்குதேன்னுதான் நான் பேசாம இருந்தேன்."

"எனக்கு எங்கீங்க புடிச்சுது? அந்தக் காயிதத்தக் கெடுக்க நான் படாத பாடில்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேஜருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கும் வந்தது. யாரோ எங்கோ செய்த தவறு. பிள்ளை எங்கும் போக வேண்டியதில்லை. அவர் உறையைக் கிழிக்க விரலைக் கொடுத்தார்.

"ஐயோ, ஏன்?" என்றாள் திருமதி டாய்ல்.

மேஜர் சிரிப்போடு ஆங்கிலத்தில் விளக்கினார். நாங்கள் இருவருமே விண்ணப்பிக்கவில்லை. எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை.

திருமதி டாய்ல் சிரிக்கவில்லை.

"மிருகக்காட்சிசாலைக்குப் போக அனுமதி கேட்ட படிவத்தோடு சேர்த்து அந்த விண்ணப்பத்திலும் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள், மேஜர். விண்ணப்பத்தை வரவழைத்ததும் நிரப்பியதும் கலா; என்னிடம் அவளே சொன்னாள். அங்கே சேர்ந்தால் படித்து முடிக்கிற வரைக்கும் ஒரே பள்ளிக்கூடமாமே?"