பெயர் மாறிய அத்தியாயமும் பிடிபட்ட அத்தானும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் நலமாக இருந்துகொண்டு எழுதுவது. உன் அக்காவும் நலம். இரண்டு நலமும் இப்போது தனித்தனி அறையில் இருக்கின்றன என்பதைத் தவிர வீட்டில் வேறு விசேஷம் இல்லை. உன் மனைவியையும், பல் முளைத்துக் கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டிருக்கும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்லவும். சொல்லிவிட்டு, தனியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து மீதியைப் படி. போனிலேயே பேசலாம்தான். ஆனால் இந்த வீட்டுச் சுவர்களுக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, உன் அக்காவுக்கு இரண்டும் நன்றாகவே கேட்கின்றன.

பத்திரிகைகளில் நான் எழுதிய வீட்டுக் கூத்துகளையெல்லாம் புத்தகமாகப் போடப்போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். உன் ஆபீசில் எல்லாருக்குமே தெரியும், நானே போன் போட்டுச் சொன்னேன். எழுதுவது நான், படித்துத் திருத்துவது உன் அக்கா. இரண்டு பேரும் ஒரே ஃபைலில் கை வைத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துக்கொண்டு, அதைச் சாக்கிட்டுப் பழைய கணக்கையெல்லாம் தீர்த்துக்கொண்டிருந்தபோது நீதான் வந்து அந்தச் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தாய். யார் எந்த வரியை மாற்றினாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளும், பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அக்கம்பக்கத்தில் நிறுத்திக் காட்டும், போன வரி சிவப்பு, வந்த வரி பச்சை என்றாய். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தான், ஃபைல் பேரை மாத்தினா பேரை மட்டும் மாத்திப் பதிவு பண்ணுங்க. உள்ள கை வைக்கிறதை அப்புறமா வச்சுக்குங்க" என்றும் சொன்னாய். நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டுவது சுலபம், உள்ளே ஒன்றும் ஆடாது.

என் கெட்ட பழக்கம் உனக்குத் தெரியாது. எழுத வரவில்லையென்றால் சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் மோட்டுவளையைப் பார்ப்பார்கள், நான் தலைப்பை மாற்றுவேன். தலைப்பை மாற்றினால் ஃபைல் பெயரையும் மாற்றிவிடுவேன், அப்போதுதான் ஒரு நாள் வேலை பார்த்த திருப்தி. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகியதைப் பற்றிய அத்தியாயம் 'குழாய்' என்றுதான் பிறந்தது. பிறகு 'கசிவு' ஆயிற்று, அப்புறம் 'கசிவும் கண்ணீரும்', ஒரு வாரம் 'நீரும் நானும்', கடைசியில் 'ஈரம்'. அந்தக் கடைசி மாற்றத்தின்போது சும்மா இருந்திருக்கலாம். பேச்சு வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு, மற்ற வரிகளையெல்லாம் கொஞ்சம் உள்ளே தள்ளி, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அழகுபடுத்தி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பதிவுசெய்தேன்.

இந்த லட்சணத்தில் பதிப்பாசிரியை போன் செய்தார். நான் அனுப்பியிருந்த 'ஈரம்' படித்துவிட்டு ஆபீசில் வாய்விட்டுச் சிரித்தாராம், பின்னட்டையில் போட ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று வாசித்தே காட்டினார். நீயும் படித்துக்கொள்:

'குழாயை நானே சரிசெய்தேன். பிறகு பிளம்பரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. வந்தவர் குழாயைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி யார் இதைத் தொட்டது?" என்றார். யாரோ ஓர் ஆள், பெயர் தெரியாது என்றேன். "அந்த ஆளை இனிமே வீட்டுக்குள்ள விடாதீங்க" என்றார். அன்றிலிருந்து நான் பின்புற நுழைவாயில் வழியாக வருகிறேன்.'

பதிப்பாசிரியை மறுபடியும் சிரித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதை எழுதும்போதே எனக்குத் தெரியும்" என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அக்கா நிற்கிறாள், துவைத்த துணி கையில்.

"அது நான் எழுதினது" என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. நிரூபித்துக் காட்டட்டுமா என்று வேறு கேட்டேன். நேராகப் போய் சாஃப்ட்வேரைத் திறந்து இரண்டு பதிப்பையும் ஒப்பிடச் சொன்னேன். அது என்னைக் கைவிடவில்லை. 'கசிவு', 'கண்ணீர்' என்று ஒன்றையும் காணோம்; 'நீரும் நானும்' முழுக்கச் சிவப்பு, செத்துப்போயிற்று; 'ஈரம்' முழுக்கப் பச்சை, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை என் பெயர். அச்சடித்து எடுத்து, சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் சொம்பை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். உன் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"அப்போ இந்த அத்தியாயம் போன செவ்வாய்க்கிழமைதான் பிறந்திருக்கு. இத்தனை மாசமா நான் உட்கார்ந்து திருத்தினது எந்த வீட்டுப் பிள்ளையை?" என்றாள். மீதி மூன்று அத்தியாயத்தையும் இனிமேல் தொடமாட்டேன், இவ்வளவு பெரிய எழுத்தாளருக்கு நான் எதற்கு என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனவள்தான். மாதக் கடைசிக்குள் புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும். உன் அக்கா திருத்தாத என் அத்தியாயத்தைப் படித்த ஒரே ஆள் நான்தான், எனக்கே பாதியில் கொட்டாவி வந்துவிட்டது.

அதனால்தான் உனக்குப் போன் பண்ணினேன். நீ மீட்டிங்கில் இருந்தாய். பக்கத்து நாற்காலிப் பெண் எடுத்தார், தங்கமான பெண், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்க மறந்துவிட்டேன். பேர் மாத்தினப்போ வேற ஏதாவது பண்ணீங்களா அங்கிள் என்று கேட்டார். அழகுபடுத்தினேன் என்றேன். வலிக்கிற இடம் அகப்பட்ட டாக்டர் மாதிரி 'ம்ம்' என்றார். பிறகு விளக்கினார். அந்தச் சாஃப்ட்வேர் பெயரைப் பார்ப்பதில்லையாம், பழைய ஃபைலிலும் புதிய ஃபைலிலும் எவ்வளவு வரி ஒத்துப்போகிறது என்று பார்த்துத்தான் இது பெயர் மாறிய அதே ஆள் என்று கண்டுபிடிக்குமாம். பாதியாவது ஒத்துப்போகவேண்டும்; உள்ளே தள்ளிய வரியை அது வேறு வரி என்றுதான் எடுத்துக்கொள்ளுமாம். மீசையை எடுத்து, தலைக்குச் சாயம் அடித்து, பெயரையும் மாற்றிக்கொண்டு வந்தால் பெற்ற தாய்க்கே சந்தேகம் வரும், அது என்ன செய்யும்? ஒப்புமை அளவைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க என்றார்.

கொஞ்சம் என்று சொன்னால் நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? அடிமட்டத்துக்கு இறக்கினேன். அவ்வளவுதான், கல்யாண மண்டபத்தில் எதிரே வருகிறவரையெல்லாம் சித்தப்பா என்று கூப்பிடுகிற ஆள் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரருக்கு நான் எழுதிய புகார் மனுதான் பெயர் மாறி 'ஈரம்' ஆயிற்று என்றது. பல்வலி அத்தியாயத்தையும் உன் ரிசப்ஷனில் நான் வாசித்த வாழ்த்துரையையும் ஒரே ஆள் என்று சாதித்தது. இரண்டையும் மறுபடி படித்துப் பார்த்தேன். அதன்மேல் தப்பு சொல்ல முடியவில்லை.

பிறகு அந்தப் பெண் சொன்னபடி அளவை நடுவாந்திரமாக ஏற்றி, வரிகளுக்கு முன்னால் நான் சொருகிய வெற்று இடைவெளியைக் கணக்கில் எடுக்காதே என்று உத்தரவு கொடுத்து, மறுபடி ஒப்பிட்டேன். 'ஈரம்' தன் முகமூடியைக் கழற்றியது. குழாய் முதல் ஈரம் வரை ஐந்து பெயரும் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதியவர் பெயர். பிளம்பர் வந்தது, பெயர் தெரியாது என்றது, ஆளை உள்ளே விடாதே என்றது, எல்லாம் உன் அக்கா. நான் கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியான வேளையில் எழுதியிருக்கிறாள். சிவப்பில் கிடந்தவைதான் என்னுடையவை. 'குழாய் என்பது நாகரிகத்தின் மூக்கு' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். அதை அழித்ததற்காகவே அவளுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். அந்தப் பகுதியில் என் பங்கு ஒன்றே ஒன்று: 'பின்வாசல்' என்று அவள் எழுதியிருந்ததை 'பின்புற நுழைவாயில்' ஆக்கியது. அதையும் மீறித்தான் பதிப்பாசிரியை சிரித்திருக்கிறார்.

கதவைத் தட்டினேன். "நீ சொன்னதுதான் சரி" என்று உன் அக்காவிடம் சொன்னேன். கதவு திறக்கவில்லை, குரல் மட்டும் வந்தது.

"எந்த வரி யாருதுன்னு நான் சண்டை போடலை. எத்தனையோ எழுதிக் குடுத்திருக்கேன், ஒரு நாளாவது கேட்டேனா? எழுதும்போதே எனக்குத் தெரியும்னு அந்த அம்மாகிட்ட சொன்னீங்களே, அதான்."

மாப்பிள்ளை, தலைப்பை மாற்றித் தப்பிக்க அங்கே வழியில்லை.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அட்டையில் இரண்டு பெயர். பெருந்தன்மையாக அவள் பெயர் முதலில், என்னுடையது கீழே, ஆனால் அதே அளவு எழுத்தில். பதிப்பாசிரியையிடமும் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ செய்யவேண்டியது, உன் அக்காவுக்கு ஒரு போன் போட்டு, அத்தான் திருந்திவிட்டார், மீதி மூன்று அத்தியாயத்தையும் பார்த்துக் கொடுத்துவிடு என்று எடுத்துச் சொல்வது. நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் அவள் காதில் கேட்கும், அவ்வளவுதான்.

வீட்டில் எல்லாருக்கும் என் ஆசிகள். சின்னவனுக்கு இன்னும் நிறையப் பல் முளைக்கட்டும், கடிப்பதற்குக் காகிதம் தவிர வேறு கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பதிப்பாசிரியையின் போன் வந்துவிட்டது. எடுத்தது உன் அக்கா. நான் மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மற்ற அத்தியாயங்களையும் அதே மாதிரி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். எல்லாம் குழாய்க் கதையாகத்தான் முடிந்ததாம், நல்ல வரியெல்லாம் அவளுடையது; அதை அப்படியே பதிப்பாசிரியையிடம் சொல்லியும் விட்டாள். ஆகவே இரண்டு பெயர் என்று நான் எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். அட்டையில் அவள் பெயர் மட்டும்தான். நான் உள்ளே வருகிறேன், கதாபாத்திரமாக. மீதி அத்தியாயங்களை அவளே எழுதத் தொடங்கிவிட்டாள், நீ போன் பண்ணித் தொந்தரவு செய்யவேண்டாம். எனக்கும் சும்மா இருக்கவேண்டாமென்று ஒரு வேலை கொடுத்திருக்கிறாள், புத்தகத்துக்குத் தலைப்பு வைக்கிற வேலை. இதுவரை நான்கு வைத்துவிட்டேன்.