மைக்செட் தின்ற கருணைக்கிழங்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரகசியம் என்ற ஒன்றே இல்லாமல் போனதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். எங்கள் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் மைக்செட். காலமெல்லாம் தகடு வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலில் நின்று காது பாதி போய்விட்டதால், தனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் பேசுவார். அவருக்குக் கேட்டால் பக்கத்துக் கம்பெனிக்கும் கேட்கும்.

ஒருமுறை பெயின்ட் பிரிவு குமார், தனக்குப் பெண் பார்த்திருக்கும் சேதியைக் காதோடு காதாகச் சொல்லி, "யார் கைலயும் சொல்லாதண்ணே" என்று கேட்டுக்கொண்டான். "நான் ஏன்டா சொல்லப்போறேன்? உன் கண்ணாலத்த பத்தி ஒரு ஆள் கைல வாயத் தொறக்கமாட்டேன்!" என்று மைக்செட் சத்தியம் செய்தார். கேட்டில் நின்ற செக்யூரிட்டி அங்கிருந்தே கையை ஆட்டி, "எப்ப தம்பி கல்யாணம்?" என்றார்.

நான் அங்கே குவாலிட்டி பிரிவில் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். செய்து முடித்த உதிரிபாகங்களை அளந்து பார்த்து, தேறாததை ஒதுக்குகிற வேலை. நான் ஒதுக்கியதை எல்லாம் மைக்செட் ஊரறியத் திட்டுவார். மதியம் என் டப்பாவில் இருக்கும் சாம்பாரை என்னைக் கேட்காமல் ஊற்றிக்கொள்வார். எங்கள் நட்பு இப்படித்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் கம்பெனிக்கு எச்.ஐ.வி. பற்றி எடுத்துச் சொல்லி, விருப்பப்பட்டவர்களுக்குப் பரிசோதனையும் செய்யும் திட்டம் வந்தது. ஆலோசகராக வந்த அம்மா, சக தொழிலாளர்களிடம் பேச உங்களில் ஒருவர் வேண்டும், யார் வருகிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் அவரவர் ஷூவை ஆராய்ந்துகொண்டிருந்தோம். ஒரு கை மட்டும் உயர்ந்தது. டீ எப்போது வரும் என்று கேட்பதற்காக மைக்செட் தூக்கிய கை அது. எல்லாரும் கைதட்டி முடித்த பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

ஆனால் ஏற்றுக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பயிற்சிக்குப் போய்விட்டு வந்த மறுநாளே, கேன்டீனில் பெஞ்சு மேல் ஏறி நின்று, ஒரு சுத்தியல் கைப்பிடியில் ஆணுறை மாட்டிக் காண்பித்தார். "மொதல்ல நுனிய புடி! காத்து பூந்துச்சுன்னா பேஜார்! நகத்தால கிழிக்காத, பல்லால கிழிக்காத!" பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் மதில் மேல் சாய்ந்து நின்று பாடம் கேட்டார்கள். புதிதாகச் சேர்ந்த மேனேஜர் மட்டும் தயிர் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பரிசோதனை முகாம் அன்று ஒருத்தரும் உள்ளே போகவில்லை. காரணம் எளிது. அறை கேன்டீனுக்கு எதிரில் இருந்தது. யார் உள்ளே அதிக நேரம் இருக்கிறார்களோ அவருக்குத்தான் வந்திருக்கிறது என்று வெளியே கணக்குப் போட்டுவிடுவார்கள். மைக்செட் முதல் ஆளாகப் போனார். போனவர் வரவே இல்லை. "முடிஞ்சிது அண்ணாத்தே கதை" என்று குமார் உச்சுக்கொட்டினான். கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"இன்னாத்துக்குடா மூஞ்சிய தொங்கப்போட்டுகினு கீறீங்க? வெரல்ல ஒரு குத்து, அவ்ளோதான். மிச்ச நேரம் என் மச்சினன் பண்ண அக்கிரமத்த மேடம் கைல சொல்லிகினு இருந்தேன். உள்ள டீயும் பிஸ்கட்டும் கீது. துன்னு முடிக்காம யாரும் வெளிய வரக்கூடாது, ரூல்ஸ்!"

அந்த ரூல்ஸை ஆலோசகரிடம் பேசிப் போட்டதே அவர்தான். எல்லாரும் ஒரே மாதிரி நேரம் எடுத்தால் யாருக்கு என்ன என்று எவனாலும் கணக்குப் போட முடியாதல்லவா? அதன் பிறகு வரிசை நின்றது. அந்த வரிசையில் நானும் நின்றேன்.

எனக்கு இருக்கக்கூடும் என்றார்கள். இது முதல் சோதனைதான், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் உறுதி செய்ய வேண்டும், மருந்து இருக்கிறது, வேலையை விட்டு உங்களை நீக்க முடியாது, சட்டம் இருக்கிறது என்று ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சட்டம் வேலையைக் காப்பாற்றும். கேன்டீனில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவனை யார் பிடித்து வைப்பது? பிஸ்கட்டை வாயில் வைத்தபடியே வெளியே வந்தேன்.

என் முகத்தைப் பார்த்த மைக்செட், தோளைப் பிடித்துக் கம்ப்ரசர் ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "இன்னா மாமே?" என்றார். நான் அவர் காதில் வாயை வைத்து, அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. உலகத்திலேயே இதைச் சொல்லக்கூடாத ஒரே மனிதரிடம் சொல்லியிருந்தேன்.

அன்று மாலை வரை ஒவ்வொரு முறை அவர் வாயைத் திறந்தபோதும் அளந்துகொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். மேனேஜரைத் திட்டினார், மழையைத் திட்டினார், ஆவடி ரயிலைத் திட்டினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலையில் நேராக சூப்பர்வைசர் முன் போய் நின்றார். "சார்! எனக்கு மூலம் சார்! ஆஸ்பத்திரிக்குப் போணும்! தனியா போனா மயக்கமாவுது, தொணைக்கு இவன வுடு சார்!" மொத்த ஷாப்பும் திரும்பிப் பார்த்தது. நம்பிக்கை மையத்துக்கு நாங்கள் போனது அப்படித்தான். அங்கே எனக்கு உறுதியானது. பிறகு மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போதும் அவருடைய மூலம்தான் எங்களுக்கு லீவு வாங்கித் தந்தது. எனக்கு இது எப்படி வந்தது என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை.

மனைவியிடம் நானே சொன்னேன். அழுதாள். சில நாள் கழித்துத் தானே கிளம்பி வந்து பரிசோதித்துக்கொண்டாள். அவளுக்கு இல்லை. சேதி கேட்ட மைக்செட் மருத்துவமனை வராந்தாவில் விட்ட சத்தத்தில் ஒரு நர்ஸ் ஓடிவந்து அவருக்கு ரத்தக்கொதிப்பு பார்த்தார்.

மாத்திரை காலையில் பல் விளக்கியதும் போட வேண்டும். போட்டேனா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். என்னிடம் மட்டும் கேட்டால் சந்தேகம் வருமே! அதனால் ஷாப்பில் நுழைகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "பல்லு வெளக்கினியா?" என்று கேட்கத் தொடங்கினார். குமாரைக் கேட்டார், செக்யூரிட்டியைக் கேட்டார், ஒருநாள் மேனேஜரையே கேட்டார். மேனேஜர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அத்தனை பேரைக் கேட்டதும் என் ஒருவன் பதிலுக்காக.

இதில் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மூலத்துக்குக் கருணைக்கிழங்கு நல்லது என்று கேன்டீன் மாஸ்டருக்கு யாரோ சொல்ல, அவர் பாசத்தோடு வாராவாரம் மைக்செட்டுக்கென்று தனியாகக் கருணைக்கிழங்கு மசியல் செய்யத் தொடங்கினார். மைக்செட்டுக்கோ அது தொண்டையில் இறங்கினாலே அரிப்பு. "துன்னு அண்ணாத்தே, ஒடம்புக்கு நல்லது" என்று மாஸ்டர் முன்னால் நின்று கவனிப்பார். இவர் கண்ணில் நீர் வர விழுங்குவார். நான் எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் விழுங்கிய ஒவ்வொரு கவளமும் என் பெயரில்தான் இறங்கியது.

நாளடைவில் என் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தது. மாத்திரையை விடாமல் இப்படியே இருந்தால் மனைவிக்கும் பரவாது என்றார் டாக்டர். நான் தெம்பானேன். கிழங்கு மட்டும் நிற்கவில்லை.

சென்ற வருடம் அவர் ஓய்வுபெற்றார். கேன்டீனில் பாராட்டு விழா. எல்லாரும் பேசி முடித்ததும் நான் மைக்கை வாங்கினேன். "அண்ணனுக்கு மூலம் கிடையாது. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. எனக்குத் தொணையாத்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்" என்றேன்.

மாலையும் கழுத்துமாக மைக்செட் எழுந்தார். "அடப்பாவி! இத்தினி வருசம் வாயக் கட்டிகினு கருணக்கெயங்கு துன்னேனேடா! ஒரே நிமிசத்துல போட்டு ஒடச்சிட்டியே!"

குமார்தான் முதலில் சிரித்தான். பிறகு தன் டீயை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மாஸ்டர் மட்டும், "என் மசியல் அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது மைக்செட் ஆவடி பக்கம் சேக்காட்டில் தன் வீட்டில் இருக்கிறார். காலையில் தவறாமல் போன் வரும். அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துத்தான் கேட்க முடியும். "பல்லு வெளக்கினியா?"

நான் மாத்திரையை ஒருநாளும் தவறவிடுவதில்லை. இருந்தாலும் சில நாள், "இன்னும் இல்லண்ணே" என்று பொய் சொல்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் திட்டுவார் அல்லவா?